எந்தக் கடல், யார் பிடித்தது? கொங்கு நாட்டுக் கடல்மீன் தொட்டிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கரூர், சேலம் என்று நம் பக்கத்து ஊர்களில் வீட்டுக்குள் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து மீன் வளர்க்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும், நமக்கு மீன் வரவழைத்துத் தரும் கடைக்காரர்களுக்கும் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற தம்பி ஒருவர் போனில் ஒரு படத்தை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். "இது ஒண்ணு கிடைக்குமுங்களா?" எட்டிப் பார்த்தேன். பழுத்த பப்பாளி நிறத்தில் உடம்பு, துடுப்போரமெல்லாம் நீலக் கோடு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கிளாரியன் ஏஞ்சல். கடைக்காரர் அங்கேயே ஒரு தரகருக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். பண்ணைக் குஞ்சு இருக்கிறதா என்று அவர் கேட்டதற்கு அந்தப் பக்கமிருந்து வந்த பதில் இது: "பண்ணை மீனு எதுக்குங்க, கலர் நிக்காது. ஒரிஜினல் கடல் மீனே எறக்கித் தர்றேன். ரெண்டு மாசம் ஆகும், அட்வான்ஸ் போடச் சொல்லுங்க."

அந்தத் தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. நான் உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அன்றைக்கு விட்டதைத்தான் இன்றைக்கு எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாக வீட்டில் கடல்மீன் வளர்க்கிறேன். கடல் இல்லாத ஊரில் கடல் வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் குளோரின் போக வேண்டும், ஆர்ஓவில் வடிகட்ட வேண்டும், உப்பைக் கலந்து ராத்திரி முழுக்க மோட்டார் ஓட்டிக் கரைக்க வேண்டும், காலையில் உப்புத் தண்ணீரின் அடர்த்தி அளவு 1.025 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சித்திரை மாதத்தில் கரண்ட் நின்றால் முதலில் ஓடுவது தொட்டிப் பக்கம்தான். இவ்வளவும் செய்பவர்களுக்கு மீன் மேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பாசத்தை நம்பித்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த மீனைப் பற்றிப் பேசுவோம். கிளாரியன் ஏஞ்சல், அறிவியல் பெயர் ஹோலகாந்தஸ் கிளாரியோனென்சிஸ். பெரிதானால் ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டர் வரை வளரும். நம் காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதம் போனதும் சாம்பல் நிறத்துக்கு மாறும் அல்லவா? இந்த மீனுக்கும் அப்படி ஒரு மாற்றம் உண்டு. குஞ்சாக இருக்கும்போது உடம்பில் மேலிருந்து கீழாகப் பளிச்சென்று நீலப் பட்டைகள். வளர வளர அந்தப் பட்டைகள் மங்கி, உடம்பு முழுக்க ஆரஞ்சு ஏறி, துடுப்போரத்தில் மட்டும் நீலம் நிற்கும். கடற்பஞ்சு, பாசி, பாறையில் ஒட்டிய சிறு பிராணிகள் எல்லாம் தின்னும். பாறையை விட்டு அதிக ஆழத்துக்குப் போகாது, பெரும்பாலும் 30 மீட்டருக்குள்தான் இருக்கும்.

அது வாழும் இடத்தைத் தெரிந்துகொண்டால்தான் விஷயம் புரியும். உலகத்தில் இந்த மீனுக்குச் சொந்த ஊர் ஒன்றே ஒன்று. மெக்சிகோ நாட்டுக்கு மேற்கே, பசிபிக் கடலில் ரெவியாகிகெடோ என்ற நான்கு தீவுகள். சான் பெனடிக்டோ, சொகோரோ, ரோகா பார்டிடா, கிளாரியன். கடைசித் தீவின் பெயரைத்தான் மீனுக்கு வைத்திருக்கிறார்கள். பாஹா கலிஃபோர்னியா என்று ஒரு நீளமான தீபகற்பம் உண்டு, அதன் தென்முனையிலிருந்து கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர் நடுக்கடலில் போனால்தான் இந்தத் தீவுக்கூட்டம். நம் ஊரில் நடுராத்திரி என்றால் அங்கே நண்பகல். உருண்டையின் அந்தப் பக்கம். பாஹா முனையிலும் கிளிப்பர்டன் தீவிலும் எப்போதாவது ஒன்றிரண்டு தென்படும், அவ்வளவுதான்.

பவளப்பாறை என்றதும் மன்னார் வளைகுடா மாதிரி தட்டையான ஆழமில்லாத கடலை மனசில் நினைத்துக்கொள்ளாதீர்கள். இவை எல்லாம் எரிமலை முளைத்து வந்த தீவுகள். தண்ணீருக்குள் கருங்கல் சுவர் மாதிரி எரிமலைப் பாறை செங்குத்தாக இறங்கும். அங்கங்கே கொஞ்சம் பவளம் இருக்கும். குளிர் நீரோட்டமும் வெப்ப நீரோட்டமும் அங்கே வந்து கலக்கின்றன, அதனால்தான் சுறா, திருக்கை, சூரை எல்லாம் அங்கே கூடுகின்றன. ரோகா பார்டிடா என்பது தீவு என்று சொல்லக்கூட முடியாத ஒரு கல். கடலுக்கு மேலே தெரிவது நூறு மீட்டர் நீளம்கூட இல்லை. ஊத்துக்குளி பக்கம் வயல் நடுவே துருத்திக்கொண்டு நிற்கும் கரட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதைச் சுற்றி வயலுக்குப் பதில் ஆழக்கடல். அந்தக் கல்லைச் சுற்றியுள்ள தண்ணீரும் இந்த மீனின் வீடுதான்.

ஓர் இனத்துக்கு இவ்வளவு சின்ன வீடு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தீவுக்கூட்டத்திலேயே ஒரு கதை இருக்கிறது. சான் பெனடிக்டோ தீவில் மட்டும் ஒரு சின்னப் பாறைக் குருவி வகை வாழ்ந்தது. 1952 ஆகஸ்ட் 1 அன்று அங்கே பார்செனா என்ற எரிமலை வெடித்தது. சாம்பல் தீவையே மூடியது. அந்தக் குருவியை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. யாரும் வலை போடவில்லை, துப்பாக்கி எடுக்கவில்லை. வேறெங்கும் அது இல்லாததால், ஒரே ஒரு சம்பவத்தோடு கணக்கு முடிந்துவிட்டது. கிளாரியன் ஏஞ்சலை 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வைத்திருப்பதற்கும் காரணம் இதுதான். இன்றைக்கு அங்கே கூட்டமாகத்தான் திரிகிறது. ஆனால் இருப்பது அந்த ஒரே இடத்தில்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஏஞ்சல் மீன்கள் பொழுது சாயும் நேரத்தில் ஆணும் பெண்ணுமாகப் பாறையை விட்டு மேலே எழும்பித் தண்ணீரில் முட்டையை விட்டுவிடும். கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் முட்டை, கடுகைவிடச் சிறியது. நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போகும். குஞ்சு பொரித்து வாரக்கணக்கில் கடலில் மிதந்துவிட்டு, அப்புறம் தங்க ஒரு பாறை கிடைத்தால்தான் பிழைக்கும். அங்கே சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அடி தெரியாத கடல். மறுபடியும் அந்தக் கரட்டுக்கே வந்து சேர்கிற குஞ்சு எத்தனை இருக்கும்? வெளியூரிலிருந்து வந்து குறையை நிரப்ப வேறு கூட்டமும் கிடையாது. நம் பக்கத்தில் கிணறு வற்றினால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தண்ணீர் வாங்கலாம். அங்கே பக்கத்துத் தோட்டமே இல்லை.

நான் அந்த ஊருக்குப் போனதில்லை, போகவும் முடியாது. ஆனால் அங்கே முக்குளித்தவர்கள் எடுத்த ஒரு வீடியோவைப் பார்த்தேன், எத்தனை தடவை என்று கணக்கில்லை. சான் பெனடிக்டோ பக்கம் எல் பாய்லர் என்று ஒரு இடம், கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை எழும்பி நிற்கும் பாறை. நீலத்துக்குள் இருந்து ஒரு கொம்புத் திருக்கை வருகிறது. அது 7 மீட்டர் அகலம் வரை வளரும், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்களை ஒட்டி நிறுத்தினால் வரும் அகலம். பாறைக்கு மேலே வந்ததும் வேகத்தைக் குறைத்து, சிறகைக் கொஞ்சம் சாய்த்து, அப்படியே நிற்கிறது. உடனே பாறையிலிருந்து பத்துப் பதினைந்து ஆரஞ்சுப் பொட்டுகள் மேலே எழும்புகின்றன. கிளாரியன்கள். திருக்கையின் வெள்ளை வயிற்றில், செவுள் பிளவுகளில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்கின்றன. ஒன்று செவுள் ஓரத்தில் கொத்தும்போது திருக்கை லேசாகச் சிலிர்க்கிறது, ஆனால் விலகவில்லை. மாட்டின் முதுகில் மைனா உட்கார்ந்து உண்ணி பொறுக்கும்போது மாடு காதை மட்டும் ஆட்டுமே, அப்படி. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சாண் மீனிடம் வந்து வரிசையில் நிற்கிறது.

அந்தத் தம்பி போனில் வைத்திருந்தது அந்த ஆரஞ்சுப் பொட்டுகளில் ஒன்றின் படம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். ரெவியாகிகெடோ 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடமானது. 2017 நவம்பரில் மெக்சிகோ அரசு அந்தத் தீவுகளைச் சுற்றி ஏறத்தாழ 1,48,000 சதுர கிலோமீட்டர் கடலைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. தமிழ்நாடே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். அந்த எல்லைக்குள் மீன்பிடிக்கவே தடை. அதற்கு முந்தைய வருடம், 2016-இல், ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாட்டில் கிளாரியன் ஏஞ்சலை இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இரண்டாம் பட்டியல் என்றால் வாங்கவே விற்கவே கூடாது என்று அர்த்தமில்லை. எந்த நாட்டிலிருந்து கிளம்புகிறதோ அந்த நாடு, இதனால் இனத்துக்குக் கெடுதல் இல்லை என்று பார்த்து ஏற்றுமதி அனுமதி தர வேண்டும். பண்ணையில் பிறந்தது என்றால் அதற்கும் தாள் உண்டு. நம் நாட்டிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தியபோது, சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களுக்காகவே நான்காம் அட்டவணை வந்தது. அப்படிப்பட்ட உயிரினத்தை உயிரோடு வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இப்போது தரகர் சொன்னதை மறுபடி படியுங்கள். "ஒரிஜினல் கடல் மீனே எறக்கித் தர்றேன்." அது உண்மை என்றால், பெரும்பாலும் ஒரு தேசியப் பூங்காவுக்குள்ளிருந்து திருடிய மீன். பொய் என்றால், வேறு எதையோ கொடுத்து நம் தம்பியை ஏமாற்றப் போகிறார். இரண்டில் எதற்கு அட்வான்ஸ் போடுவது?

கிளாரியன் எங்கோ தூரத்து மீன், நம் ஊருக்கு வருவதே அபூர்வம், இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று சிலர் நினைக்கலாம். அதனால் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நீலவளைய ஏஞ்சல் வாங்கினேன். பழுப்பு உடம்பில் நீலக் கோடுகள் வில்லாக வளைந்து போகும், செவுளுக்கு மேலே ஒரு நீல வளையம் இருக்கும், உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். என் உள்ளங்கை அகலம். விடியற்காலை ஆம்னி பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டியில் வந்தது. ஆக்சிஜன் அடித்த கவருக்குள் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. சொட்டுச் சொட்டாக என் தொட்டித் தண்ணீரைக் கலந்து ஒன்றரை மணி நேரம் பழக்கினேன். தொட்டிக்குள் விட்டதும் தலை கீழாகவும் வால் மேலாகவும் நீந்தியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது வயிற்றுக்குப் பின்னால், துடுப்பு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு சிவந்த புள்ளி. ஊசி குத்திய இடம். ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கும்போது மீனின் காற்றுப்பை உப்பிக்கொள்ளும், அதை இறக்க ஊசியால் குத்துவார்கள் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

அது சாப்பிடவே இல்லை. இறாலை நைசாக அரைத்து வைத்தேன். பூண்டுச் சாற்றில் ஊறவைத்த கடற்பாசித் தாளைக் கல்லில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தேன். மட்டியை ஓட்டோடு பிளந்து வைத்தேன். பக்கத்தில் வரும், பார்க்கும், ஒரு தடவை வாயில் எடுத்துத் துப்பும். கடலில் அது வாழ்நாள் முழுக்கத் தின்றது கடற்பஞ்சு. நான் கொடுத்ததெல்லாம் அதற்குச் சாப்பாடாகவே தெரியவில்லை. நெற்றிக்குப் பின்னால் சதை வற்றிக் குழி விழுந்தது. பதினேழாம் நாள் காலையில் வடிகட்டிப் பக்கம் ஒட்டிக் கிடந்தது. என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. "எதுக்குப்பா அது சாப்பிடல?" என்றாள். அவளுக்கு நான் சொன்ன பதில் எதுவும் சரியான பதில் இல்லை.

கடைக்காரரிடம் போய், இது எந்தக் கடலில் பிடித்தது, எப்போது பிடித்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அனுப்பியவரிடம் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்டதில்லை, நானும்தான். காசு கொடுத்து வாங்கின பிறகு கேட்டேன்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்களிடம் எனக்கு ஒரு உரிமையான வருத்தம். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கோ கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கோ போய்ப் பாருங்கள். காங்கேயம் காளைக் கன்று ஒன்றை வாங்க வந்தவர் முதலில் விலை கேட்பாரா? "யாரு பட்டிக் கன்னுங்க இது? தாய் எது, பொலிகாளை எது?" என்றுதான் ஆரம்பிப்பார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விற்பவரும் பரம்பரையை ஒப்பித்துச் சொல்வார், அது அவருக்குப் பெருமை. என் அப்பிச்சி கூட நான் சின்ன வயசில் போயிருக்கிறேன், ஒரு கன்றுக்கு அரை நாள் பேசுவார். கோழிக் குஞ்சு எடுத்தாலும் எந்த ஹேச்சரி என்று கேட்கிறோம். தென்னங்கன்றுக்குத் தாய் மரம் கேட்கிறோம். அதே நாம், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றால் விலையை மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம்.

எந்தக் கடல், யார் பிடித்தது, எந்தப் பண்ணையில் பிறந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பதில் இல்லாத மீனை வாங்காதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

பண்ணை மீனுக்குக் கலர் நிற்காது என்ற பேச்சுக்கு வருகிறேன். கிளாரியன் ஏஞ்சலைத் தொட்டியில் முட்டையிட வைத்து வளர்க்க முடியும் என்று இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஒரு பண்ணை ஏற்கனவே செய்து காட்டியிருக்கிறது. அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று நம் ஹேச்சரிக்காரர்களுக்கு ஒரு வரியில் விளங்கும். கோழிக் குஞ்சு பொரித்த அன்றைக்கே உடைத்த மக்காச்சோளம் கொத்தும். ஏஞ்சல் குஞ்சின் வாய் அவ்வளவு சின்னது, மீன்குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடும் ஆர்டீமியா என்ற பொடி இறாலின் குஞ்சுகூட அதன் வாய்க்குள் போகாது. கோபிபாட் என்ற, இறால் இனத்தைச் சேர்ந்த மிகச் சின்னக் கடல் பிராணியின் குஞ்சுகளைத் தனியாக வளர்த்துக் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டி வந்த குஞ்சு பிறந்ததிலிருந்து தொட்டித் தண்ணீரையும் தீனியையும் பார்த்தது. போட்டதைத் தின்னும். ஊசிக் குத்து வாங்கியிருக்காது, பஸ்ஸில் வந்து பதினேழு நாள் பட்டினி கிடக்காது. விலை அதிகம்தான், மறுக்கவில்லை. அந்த விலை கட்டுப்படியாகவில்லை என்றால், அந்த மீன் நமக்கு வேண்டாம் என்று விட்டுவிடலாமே. அங்கே பாறையில் அது நன்றாகத்தான் இருக்கிறது.

வளர்ப்பவர்களால் நல்லதே நடக்காது என்று நினைக்காதீர்கள். அதே தீவுக்கூட்டத்தில் சொகோரோ தீவில் ஒரு புறா இருந்தது. மனிதர்கள் கொண்டுவந்து விட்ட பூனைகளாலும் செம்மறிகளாலும் காட்டில் அது 1972-க்குப் பிறகு தென்படவே இல்லை. ஆனால் 1925-இல் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோன சில பறவைகளின் வம்சத்தைப் பறவை வளர்ப்பவர்கள் கூண்டுகளில் பெருக்கி வைத்திருந்தார்கள். இன்றைக்கு உலகத்தில் அந்தப் புறா என்று ஒன்று இருக்கிறது என்றால் அவர்களால்தான். பட்டி பட்டியாகக் காங்கேயத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதே இல்லை. தொட்டிக்காரன் பெருக்குகிறவனாக இருந்தால் அவனுக்கு ஒரு மரியாதை உண்டு.

நமக்குப் பக்கத்துக் கடல் பற்றியும் சொல்லாமல் முடிக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், 1986-இல் தேசியப் பூங்கா ஆனது, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். சுண்ணாம்புக் காளவாய்க்காக அங்கே பவளத்தை வெட்டி எடுத்த காலம் உண்டு. விளாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள். கடல் சூடாகி பவளம் வெளுத்துப் போவது 2016-இல் கடுமையாக நடந்தது. அந்தக் கடலிலிருந்து வரும் 'லைவ் ராக்', அதாவது உயிர்கள் ஒட்டியிருக்கும் பவளப்பாறைத் துண்டு, நம் கடைகளில் சாக்கு மூடிய டப்பில் கைமாறுவது நமக்கெல்லாம் தெரியும். பாறை கட்டும் பவளங்கள் 2001-லிருந்து சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில் இருக்கின்றன. காய்ந்த பீங்கான் பாறையை வாங்கி மூன்று மாதம் தொட்டியில் போட்டு வைத்தால் அதில் பாக்டீரியா தானாகக் குடியேறும். என் தொட்டியில் இப்போது அதுதான் இருக்கிறது, வித்தியாசம் ஒன்றும் இல்லை.

கடைக்கார அண்ணன்களுக்கு மட்டும் தனியாக. உங்கள் பிழைப்பைக் கெடுக்க இதை எழுதவில்லை. வாடகை, கரண்ட் பில், வழியில் செத்துப்போகும் மீன், எல்லாம் தெரியும். ஒவ்வொரு தொட்டி மேலும் விலைச் சீட்டு ஒட்டியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: 'பண்ணை, மண்டபம்', 'கடல், எந்த இடம்', தெரியாவிட்டால் 'தெரியாது'. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்து நிலையத்தில் கிளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையைப் பல வருடமாகச் செய்து கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த மாதிரிப் பண்ணைகளிலிருந்து வாங்குங்கள். 'தெரியாது' என்று எழுதிய தொட்டி காலியாகாமல் நின்றால், அடுத்த தடவை அனுப்புகிறவரிடம் நீங்களே கேட்பீர்கள். கிளாரியன் கேட்டு யாராவது வந்தால், தயவு செய்து தரகருக்குப் போன் போடுவதற்கு முன்னால் அந்தத் திருக்கை வீடியோவை அவருக்குக் காட்டுங்கள். என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன்.

என் தொட்டியில் இப்போது ஒரு ஜோடி கிளவுன் மீன் இருக்கிறது. இரண்டுமே பண்ணைக் குஞ்சுகள். மார்கழியில் ஒரு உடைந்த மண்சட்டிச் சில்லில் முதல் தடவை முட்டையிட்டன. ஆரஞ்சுப் புள்ளியாக இருந்த முட்டைகள் நாலாம் நாள் கருத்தன, ஏழாம் நாள் ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளிக் கண்கள் மின்னின. ஆண் மீன் சோறு தண்ணி இல்லாமல் அதற்குத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. எட்டாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நானும் மகளும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரத்தில் பொரித்துவிட்டது. மொட்டை மாடியில் பச்சைத் தண்ணீர் பாட்டில்களில் ரோட்டிஃபர் என்ற பொடி உயிரியைக் குஞ்சுகளுக்குத் தீனியாக வளர்த்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வடிகட்டி, ஊற்றி, ஊற்றி, முதல் தடவை ஆறு பிழைத்தது. இரண்டாம் தடவை இருபத்திமூன்று. மூன்று வெள்ளைப் பட்டையும் இறங்கிவிட்டது, தீனியைப் போட்டால் மேலே வந்து கொத்துகின்றன.

அந்த இருபத்திமூன்றில் பத்தை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். மிச்சம் பதிமூன்றும் உங்களுக்கு. காசு வேண்டாம், ஆறு மாதம் ஓடிய தொட்டியாக மட்டும் இருக்க வேண்டும். அன்றைக்குக் கடையில் நின்ற தம்பி இதைப் படித்தால் அவருக்குத்தான் முதல் ஜோடி. மறுநாள் போய்க் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி என் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது மூடி போட்ட ஒரு வாளி மட்டும் கொண்டு வாருங்கள், தண்ணீரோடு தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சிங்காநல்லூரிலிருந்து, உங்களைப் போல ஒரு தொட்டிக்காரன்